பேறுகாலத்தில் பக்கத்தில் இருந்த பெண்கள்

நமது கூட்டமைப்பு மலருக்கு வரலாறு பற்றி ஒரு கட்டுரை கேட்டாங்க. ராஜா ராணி கதையைப் படிச்சவங்க எழுதட்டும். நம்ம வீட்டுக்குள்ளேயே நடந்த வரலாறு ஒண்ணு இருக்கு. பிள்ளை பெறும் நேரத்தில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் யார் இருந்தாங்க என்பதுதான் அது.

நம்ம கொங்கு நாட்டில் அந்தக் காலத்தில் மருத்துவச்சிதான் எல்லாம். கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுகிற குடிமகன் வீட்டுப் பெண்களே பெரும்பாலும் இந்த வேலையைச் செய்தாங்க. எங்க அம்மிச்சிக்கு ஆறு பிள்ளையும் வீட்டிலேதான் பிறந்தது. வலி கண்டதில் இருந்து மருத்துவச்சி நகரவே மாட்டாராம். இடுப்பை நீவி விடுவார், வெந்நீர் கொடுப்பார், "இன்னுங் கொஞ்ச நேரந்தான் கண்ணு" என்று பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருப்பார். பிறந்த பிறகும் பிள்ளையைக் குளிப்பாட்ட வருவார், செலவு ரசத்துக்கு என்னென்ன அரைக்கணும்னு சொல்லுவார். கூலி களத்தில் அளந்து போடுகிற தானியம்தான். பிள்ளையை முதலில் கையில் வாங்கிய அந்த அம்மாவை, வேலை முடிஞ்சதும் வாசலோடு நிறுத்தியதும் நம்ம ஊர்கள்தான். அதையும் எழுதித்தான் ஆகணும்.

ஆனால் கைப்பக்குவத்துக்கு ஒரு எல்லை இருக்குங்க. உதிரப்போக்கு நிற்காவிட்டாலோ, பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, ஜன்னி கண்டாலோ மருத்துவச்சி என்ன செய்ய முடியும்? ஆண் டாக்டர் பக்கத்தில் இருந்தாலும் பல குடும்பங்களில் கூப்பிட மாட்டாங்க. திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணிடம் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, தங்கள் மனைவிக்குப் பிரசவம் பார்க்கக் கூப்பிட்டாங்களாம். அவர் டாக்டர் இல்லை, அவர் அப்பாதான் டாக்டர். அப்பாவை அனுப்புகிறேன் என்றதற்கு மூன்று பேரும் வேண்டாம் என்று போய்விட்டாங்க. விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனாங்க. அதற்குப் பிறகுதான் அவர் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-ல் வேலூர் வந்து வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். 1909-ல் அங்கே செவிலியர் பள்ளியும் தொடங்கினார். 1926-ல் சென்னை மாகாணத்தில் செவிலியருக்கும் பேறுகாலத் தாதியருக்கும் தனிச் சட்டமே வந்தது.

நம்ம வயசுக்காரங்களுக்குத் தெரிந்தது கிராம சுகாதார செவிலியர், அதாவது ஊர் நர்சம்மா. சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகளைப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வெச்சாங்க. 2008 செப்டம்பரில் 108 வண்டி வந்தது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்தொகை 2006-ல் 6,000 ரூபாய் ஆச்சு, 2018-ல் 18,000 ஆச்சு. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2001-03-ல் 134 தாய்மார் இறந்தாங்க. 2018-20-ல் அது 54. இதைச் சின்ன விஷயம்னு யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் வீட்டை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒண்ணு தொலைஞ்சு போச்சு. இடுப்பை நீவி விட்ட கைதான் அது. நர்சம்மாவைக் குத்தம் சொல்ல மாட்டேன், ஒருத்தர் நாலு பேரைப் பார்க்கணும். எனக்கு முதல் பிரசவம் நடந்த இடத்தில் எங்க அம்மா பிளாஸ்க்கோடு கதவுக்கு வெளியே ராத்திரி பூரா நின்னாங்க. உள்ளே கத்தினால், "இதுக்கே இப்படியா?" என்றுதான் கேட்டாங்க.

தொலைஞ்சது திரும்பவும் வந்திருக்கு. பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்று 2004-லேயே நம்ம மாநில அரசு ஆஸ்பத்திரிகளில் திட்டம் வந்துவிட்டது. மத்திய அரசு 2016-ல்தான் சொன்னது. ஆறுதலுக்காக மட்டும் இல்லைங்க. 17 நாடுகளில் 15,000 பெண்களுக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், விடாமல் ஒருவர் கூட இருந்தவங்களுக்கு வலி நேரம் குறைஞ்சிருக்கு, ஆபரேஷனும் குறைஞ்சிருக்கு. மருத்துவச்சி படிக்காமலே செய்ததைத்தான் இப்போது கணக்குப் போட்டுச் சொல்றாங்க.

உள்ளே போகிறவருக்குச் சில நிபந்தனைகள் உண்டு. தானும் பிள்ளை பெற்றவராக இருக்கணும். தொத்து வியாதி இருக்கக் கூடாது. சுத்தமான துணி உடுத்தணும். டாக்டர், நர்ஸ் வேலையில் குறுக்கே போகக் கூடாது. கடைசி வரைக்கும் கூடவே இருக்கணும்.

எங்க குழுவில் யாராவது மாசமாக இருந்தால், எட்டாம் மாசமே இதைப் பேசி வெச்சுடறோம். ஆஸ்பத்திரியிலும் முன்கூட்டியே கேட்டுக்கிறோம். ஒரு பிள்ளைக்கு அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. குழுவில் அவளுக்குச் சித்தி முறை ஆகிற அக்கா ஒருத்தர் போனார். ஏழு மணி நேரம் பக்கத்திலேயே நின்னு இடுப்பை நீவி விட்டாராம். பெண் குழந்தை, மூணு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.