பரந்தன் குளோரீனும் காப்பறிவும் – ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழர் வரலாற்றை ஆராய்வோர் கோயில், கல்வெட்டு, ஏடு, நாணயம் ஆகியவற்றுக்கு அளித்த கவனத்தில் ஒரு சிறு பங்கினைத்தானும் தொழிற்சாலைகளுக்கு அளித்தாரல்லர். தொழிற்சாலை பற்றி எழுதப்படும் ஓரிரு கட்டுரைகளும் அதனைத் தொடக்கி வைத்த அமைச்சர், அதன் உற்பத்தி, அதில் வேலை பெற்றோர் தொகை என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. அங்கு கையாளப்பட்ட பொருள் எத்தகையது, அதனோடு உயிராபத்தின்றி வாழ எவ்வகை அறிவு வேண்டப்பட்டது, அவ்வறிவு பின்னர் என்னாயிற்று என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாயிலில் அமைந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையையும், அதன் விளைபொருளான குளோரீனையும் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உப்பிலிருந்து நஞ்சும் மருந்தும்

குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியே ஆனையிறவு. ஆழமற்ற கடனீரேரி, நீண்ட வறட்சிக் காலம், ஓயாத காற்று ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்தமையால் அங்கு உப்பு விளைவு சிறந்தது. உப்பு இருக்குமிடத்தில் உப்பை மூலப்பொருளாகக் கொண்ட கைத்தொழில் தோன்றுதல் இயல்பே. சுதந்திரத்தின் பின் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்களின் பெயரோடு காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் காகிதம், பரந்தன் இரசாயனம் ஆகிய மூன்றும் இணைத்துப் பேசப்படுவது வழக்கம். இவற்றுள் பரந்தன் தொழிற்சாலை ஆனையிறவுக்குத் தெற்கே, கண்டி வீதியும் புகையிரதப் பாதையும் செல்லும் வழியில், 1950களில் உருப்பெற்றது.

உப்புக் கரைசலினூடாக மின்னோட்டத்தைச் செலுத்துங்கால் எரிசோடா, குளோரீன், ஐதரசன் என்னும் மூன்று பொருள்கள் பிரிகின்றன. 117 பங்கு உப்பிலிருந்து 80 பங்கு எரிசோடாவும் 71 பங்கு குளோரீனும் 2 பங்கு ஐதரசனும் பெறப்படும். இக்கணக்கு ஊன்றி நோக்கத்தக்கது. சவர்க்காரத்துக்கும் காகிதத்துக்கும் வேண்டப்படுவது எரிசோடா. ஆயின் எரிசோடாவை மட்டும் பெற்றுக் குளோரீனை வேண்டாமென ஒதுக்கிவிட இயற்கை இடந்தருவதில்லை. ஒரு தொன் எரிசோடா வேண்டுமெனில் ஏறத்தாழ 890 கிலோகிராம் குளோரீனையும் ஏற்றேயாதல் வேண்டும். எனவே அதனை அமுக்கித் திரவமாக்கி உருக்குக் கொள்கலங்களில் அடைத்தல், நீர்ச் சுத்திகரிப்புக்கு அனுப்புதல், ஐதரசனோடு சேர்த்து ஐதரோக்குளோரிக்கமிலமாக்குதல் என்னும் வழிகள் நாடப்படுகின்றன. குளோரீனைக் காத்தலும் கையாளுதலும் இத்தொழிலின் ஓர் ஓரத்து அலுவல் அன்று. அதுவே தொழிலின் நடு நரம்பு.

இதில் வியப்புக்குரிய பிறிதொன்றும் உண்டு. குளோரீனை உறிஞ்சி அடக்கவல்ல பொருள்களுள் எரிசோடாக் கரைசலே தலைசிறந்தது. 71 பங்கு குளோரீனை அடக்க வேண்டுவது 80 பங்கு எரிசோடாவாகும்; கலத்திலிருந்து அவை பிரிந்த அளவும் அதுவே. நஞ்சும் அதன் மாற்றும் ஒரே உப்பிலிருந்து ஒரே அளவிற் பிறக்கின்றன. ஆயினும் எரிசோடாவும் தோலையும் கண்ணையும் அரிக்கும் கொடிய பொருளாதலின், மாற்றைக் கையாள்வதற்கும் பயிற்சி வேண்டும்.

குளோரீனின் இரு முகங்கள்

சுவீடன் நாட்டு வேதியியலாளர் சீலே 1774இல் இவ்வாயுவை முதன்முதலிற் பிரித்தெடுத்தார். ஆங்கிலேயராகிய ஹம்பிரி டேவி 1810இல் இது ஒரு தனிமம் என நிறுவி, அதன் மஞ்சட் பச்சை நிறம் பற்றி இப்பெயரை இட்டார். 1908இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து ஜேர்சி நகர நீர் விநியோகத்தில் இதன் சேர்மம் தொடர்ச்சியாகச் சேர்க்கப்படலாயிற்று. அதன்பின் நெருப்புக் காய்ச்சலும் வாந்திபேதியும் நகரங்களிற் பெரிதும் தணிந்தன. ஏழாண்டு கழிந்து, 1915 ஏப்பிரில் 22இல், பெல்சியத்தின் ஈப்பர் போர்முனையில் செருமானியப் படையினர் ஏறத்தாழ 6,000 உருளைகளைத் திறந்து இதே வாயுவைப் பகைவர் பதுங்குகுழிகள்மீது செலுத்தினர். அவர்கள் நாட்கணக்கிற் காத்திருந்தது படைக்கலத்துக்காக அன்று. தமக்கு ஏற்ற காற்றுக்காகவே. குளோரீனின் போக்கைக் காற்றே தீர்மானிக்கின்றது என்னும் உண்மைக்கு இதனினும் துயரமான சான்று வேறில்லை.

காப்பறிவின் கூறுகள்

குளோரீன் தொழிலில் உலகெங்கும் பெறப்பட்ட பட்டறிவு சில எளிய விதிகளாகத் திரண்டுள்ளது. அவை யாவும் அப்பொருளின் இயல்பிலிருந்தே பிறப்பன.

முதலாவது, அது வளியைப்போல் இரண்டரை மடங்கு அடர்த்தியுடையது. ஆதலின் மேலெழுந்து கலையாது நிலத்தைத் தழுவி ஊர்ந்து பள்ளங்களிலும் கால்வாய்களிலும் கிணறுகளிலும் தேங்கும். இரண்டாவது, அமுக்கத்திலுள்ள ஒரு பங்கு திரவம் வெளியேறின் ஏறத்தாழ 460 பங்கு வாயுவாக விரியும். எனவே கசியும் கொள்கலத்தைத் திரவம் ஒழுகாத வண்ணம், கசிவிடம் மேல்நோக்கி நிற்குமாறு திருப்பி வைத்தல் முதற் செயலாகக் கொள்ளப்படும். மூன்றாவது, உலர்ந்த குளோரீன் இயல்பான வெப்பநிலையில் உருக்கை அரிப்பதில்லை. ஈரங்கலந்த குளோரீன் விரைந்து அரிக்கும். ஆகையால் கசிவிடத்தின்மீது நீரை ஊற்றுதல் சிறு துளையைப் பெருந் துளையாக்கும். தீயென்றால் நீர் என்று பழகிய மனத்துக்கு இது மாறாகத் தோன்றினும், இதனை அறியாமையால் விளைந்த கேடுகள் பல. நான்காவது, கசிவிடத்தைக் கண்டறிய அமோனியாக் கரைசலில் தோய்த்த துணியை அருகிற் பிடிப்பர். வெண்புகை எழுமிடமே கசிவிடம். ஐந்தாவது, கொள்கலத்தின் உருகு முளை ஏறத்தாழ 70 பாகை செல்சியசில் உருகி வாயுவை வெளியேற்றும். கொள்கலம் வெடித்துச் சிதறாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. எனவே வெயிலும் நெருப்பும் அணுகாத இடத்தில் கொள்கலங்களை வைத்தல் கட்டாயமாகும்.

நஞ்சேற்றவருக்கு இதற்கெனத் தனி மாற்று மருந்து இல்லை. தூய காற்றுள்ள இடத்துக்குக் கொண்டு சென்று, நனைந்த உடையைக் களைந்து, கண்ணையும் தோலையும் பெருமளவு நீரால் பதினைந்து நிமிடமேனும் கழுவி, ஒட்சிசன் அளித்தலே செய்யத்தக்கது. சுவாசப்பையில் நீர் கோத்தல் சில மணி நேரம் கழித்தும் நிகழலாம். இருமல் தணிந்தது கண்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாகாது.

மதிலுக்கு அப்பால்

மேற்கூறியவற்றுட் பல தொழிலாளிக்கு உரியவை. மதிலுக்கு வெளியே வாழ்பவனுக்கு உரிய விதி ஒன்றே: காற்றுக்குக் குறுக்காக விலகி, காற்று வரும் திசைக்கும் மேட்டுக்கும் செல்லுதல். இவ்விதியைப் புரிந்துகொள்ளக் குடாநாட்டு மக்களுக்குப் பெரிய நூலறிவு வேண்டுவதில்லை. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டுக் கடலோடியும் பயிர்செய்தும் வாழ்ந்த மக்கள் அவர்கள். சோளகம் வீசுங்கால் நச்சு முகில் வடகிழக்கே செல்லும். வாடை வீசுங்கால் தென்மேற்கே செல்லும். அம்மரபறிவினை இப்புதிய ஆபத்தோடு இணைத்துக் கற்பித்தலே வேண்டுவது.

மரபறிவு துணை நிற்பது போலவே, போர் தந்த பழக்கம் இடராக நிற்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. விமானக் குண்டுக்கும் எறிகணைக்கும் அஞ்சி வாழ்ந்த ஒரு தலைமுறை, ஆபத்தென்றவுடன் பங்கருக்குள் இறங்கப் பழகியது. குளோரீன் கசிவின்போது பள்ளத்தில் இறங்குதல் சாவை நாடிச் செல்லுதலாகும். ஓர் ஆபத்தில் உயிர்காத்த பழக்கமே பிறிதோர் ஆபத்தில் உயிர் கவரும்.

கைவிடப்பட்ட தொழிலும் எஞ்சிய பொருளும்

1980களில் மூண்ட போர்ச் சூழலில் பரந்தன் தொழிற்சாலையின் இயக்கம் நின்றது. ஆனையிறவுப் பகுதி 1991இலும் 2000இலும் பெரும் போர்களைக் கண்டது. கட்டடங்கள் சிதைந்தன, பொறிகள் அழிந்தன. கட்டடத்தின் அழிவு கண்ணுக்குப் புலனாகும். ஆனால் கொள்கலத்தின் முளையைத் தொட்டுப் பார்த்தே அதன் நிலையை அறியவல்ல தொழிலாளி ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபோது அழிந்த அறிவு எவர் கண்ணுக்கும் புலனாகவில்லை.

போர்க்காலத்தில் இத்தகைய பொருள்களின் காவல் எத்துணை நலிவுறும் என்பதற்குக் கிழக்கிலும் ஒரு சான்று உண்டு. 1990 யூன் மாதத்தில் மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரான் படைமுகாம்மீது விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் குளோரீன் பயன்படுத்தப்பட்டது. அவ்வுருளைகள் காகித ஆலையொன்றிலிருந்து பெறப்பட்டவை என ஆய்வாளர் எழுதியுள்ளனர். தொழிலுக்கென வந்த பொருள் காவல் குலைந்தவுடன் படைக்கலமாக மாறிற்று. போரே இல்லாத இடத்திலும் கைவிடப்பட்ட உருளை கேடு விளைக்கும். மும்பைத் துறைமுகப் பகுதியான சிவ்ரியில் பல்லாண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடந்த குளோரீன் உருளையொன்று 2010 யூலையிற் கசிந்து நூற்றுக்கு அண்மித்தோரை மருத்துவமனைக்கு அனுப்பியது. யோர்தானின் அக்கபாத் துறைமுகத்தில் 2022 யூனில் பாரந்தூக்கியிலிருந்து வீழ்ந்த கொள்கலம் பத்துக்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது.

பரந்தனில் உற்பத்தி நின்றமையால் நாட்டில் குளோரீனின் தேவை நிற்கவில்லை. பரந்தன் என்னும் பெயரைத் தாங்கிய அரச நிறுவனம் பின்னர் திரவக் குளோரீனை வெளிநாட்டிலிருந்து தருவித்து நீர்ச் சுத்திகரிப்புக்கு வழங்கும் நிறுவனமாயிற்று. ஊர்ப்பெயர் வாணிபத்தில் நிலைத்தது. ஊரில் தொழில் நிலைக்கவில்லை. பொருள் தொடர்ந்து வருகின்றது. அதனைக் கையாண்ட தலைமுறையின் பட்டறிவோ தொடர்பற்றுப் போயிற்று.

வீட்டு வாயிலிற் குளோரீன்

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மக்கள் பெரிதும் குடித்து வந்தது சுண்ணக்கற் பாறையில் ஊறும் கிணற்று நீர். வெள்ளத்தின் பின்னும், 2004 ஆழிப்பேரலையின் பின்னும், தொற்றுநோய் பரவுங் காலங்களிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வெளிற்றும் தூளைக் கொண்டு கிணறுகளைத் தொற்றுநீக்கி வந்தமை யாவரும் அறிந்ததே. அத்தூளும் குளோரீனின் ஒரு வடிவமே. மலகூடம் கழுவும் அமிலத்தோடு அது கலப்பின் அதே மஞ்சட் பச்சை வாயு அடைத்த அறைக்குள் எழும். யூரியாவோடும் மண்ணெண்ணெயோடும் ஒரே மூலையில் வைத்தலும் ஆபத்தானது. தொழிற்சாலையின் பெரு விதிகள் யாவும் வீட்டில் மூன்று சிறு விதிகளாகின்றன: உலர்ந்த இடத்தில் வைத்தல், வேறெதனோடும் கலவாமை, காற்றோட்டமுள்ள இடத்திற் கையாளுதல்.

சட்டமும் நிலமும்

இலங்கையில் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டினது. அது பெரிதும் மதிலுக்குள் இருப்பவனின் பாதுகாப்பையே கருதியது. 1984 திசெம்பரில் போபாலில் நிகழ்ந்த பேரழிவின் பின்னரே மதிலுக்கு வெளியே இருப்பவனும் அறிய உரிமையுடையவன் என்னும் கருத்து உலகெங்கும் வலுப்பெற்றது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் 1988இல் ஊர்மட்ட ஆயத்த முறையொன்றை வகுத்தது. 1993இல் பெருங் கைத்தொழில் விபத்துத் தடுப்புப் பற்றிய சர்வதேசத் தொழில் அமைப்பின் சமவாயம் நிறைவேறிற்று. இலங்கையின் அனர்த்த முகாமைச் சட்டம் 2005ஆம் ஆண்டுக்குரியது.

இச்சட்டங்களைக் குடாநாட்டின் நிலவியல்போடு பொருத்திக் காணல் வேண்டும். சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்பிரிலில் இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தமை நினைவுகூரத்தக்கது. மேற்பரப்பிற் சிந்தியது பாறை வெடிப்புகளூடே கிணற்றை அடையும் நிலம் இது. ஆகவே இங்கு விபத்தொன்றை அடக்கிய பின்னும் கடமை முடிவதில்லை. கழுவிவிட்ட நீர் எங்குச் சென்றது என்பதையும் தொடர்ந்து ஆராய்தல் வேண்டும்.

முடிவுரை

பரந்தனில் மீண்டும் கைத்தொழில்களை நிறுவும் திட்டங்கள் அண்மைக் காலத்தில் முன்வைக்கப்பட்டுள்ளன. வேலைவாய்ப்பை வேண்டி நிற்கும் ஒரு மாவட்டம் அவற்றை வரவேற்றல் இயல்பு. ஆயின் பொறிகளைப் பணங்கொடுத்து வாங்கலாம். பட்டறிவை அவ்வாறு வாங்க இயலாது. பழைய தொழிற்சாலையிற் பணியாற்றியோருள் இன்று எஞ்சியிருப்போர் முதியவர்கள். கசிவு நேர்ந்த நாள்களில் என்ன செய்தனர், எவ்வொலி கேட்டு ஊரார் விலகினர், எவ்விதி பயன்பட்டது, எவ்விதி ஏட்டளவில் நின்றது என்பவற்றை அவர்கள் வாய்மொழியாகப் பதிவு செய்தல் பல்கலைக்கழக மாணவர் உடனே மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். அப்பதிவு பழமை போற்றும் முயற்சியாக மட்டும் அமையாது. நாளைய தொழிற்சாலையின் முதற் காப்பு ஏடாகவும் பயன்படும். ஆபத்தான பொருளின் வரலாற்றை மறந்த ஊர் அப்பொருளை மீண்டும் வரவேற்கும்போது அறிவின்றியே வரவேற்கும் என்பது ஒருதலை.