ஈஸ்ட்டுக்குள் ஒரு வளவு

காரைக்குடியில் நாலு நகரத்தார் வீடு ஏறி இறங்கினால் ஒன்று புரியும். ஒரு வீட்டில் பர்மா தேக்குத் தூண், இன்னொன்றில் கல் தூண். நடுவில் வானம் பார்த்த வளவு மட்டும் எல்லா வீட்டிலும் உண்டு. ரைபோசோமின் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

செல்லுக்குள் புரதம் கட்டும் இயந்திரம் அது. அமினோ அமிலங்களை இணைப்பது அதிலுள்ள ஆர்.என்.ஏ.தான், புரதங்கள் அல்ல என்பது 2000-இல் உறுதியானது. அதாவது, ஓர் ஆர்.என்.ஏ. நொதி. ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் வேதியியல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். நம்ம ஊரில் அவரைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுவிடும். எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் சுவாரசியம்.

ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் பூஞ்சைதான் ஈஸ்ட். அதன் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனி ரைபோசோம் உண்டு. மைட்டோகாண்ட்ரியா ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா என்பதன் மிச்சம். 2014-இல் கேம்பிரிட்ஜில் அவரது குழு அதன் பெரிய பாதியை 3.2 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் பார்த்தது. 39 புரதங்கள், அவற்றில் 13 மைட்டோகாண்ட்ரியாவுக்கே உரியவை. ஆர்.என்.ஏ. ஆங்காங்கே புதிதாக நீண்டிருந்தது. கட்டிய புரதம் வெளியேறும் சுரங்கம்கூட வேறு வழியாகப் போனது. பாலூட்டிகளில் நேரெதிர், ஆர்.என்.ஏ. ஏகத்துக்குச் சுருங்கிவிட்டது. இணைப்பு நடக்கும் வளவு மட்டும் பெரிதாக மாறவில்லை.

அதற்கு நாம் விலை கொடுக்கிறோம். பாக்டீரியாவின் அந்த வளவை அடைக்கும் லினிசோலிட், நம் மைட்டோகாண்ட்ரியாவையும் அடிக்கும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு அதை மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். கால் மரத்துப்போகிறதா, பார்வை மங்குகிறதா என்று நோயாளியிடம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.