நூற்றிரண்டு எந்த டிகிரி?

வெள்ளவத்தையில எங்கட வீட்டில இரண்டு வெப்ப அளவைகள் சேர்ந்து குடியிருக்கின்றன. காய்ச்சல் என்றால் அம்மம்மாவுக்கு பரன்ஹைட்தான். "பிள்ளைக்கு நூற்றிரண்டு அடிக்குது" என்பா. வெயில் என்றால் போனில் தெரியும் முப்பத்திரண்டு, அது செல்சியஸ். புதுசா வாங்கின தேமாமீட்டர் ஒருநாள் 38.9 என்று காட்ட, "இது பழுது, கொண்டுபோய்க் குடு" என்று சொல்லிவிட்டா. 38.9ஐ 1.8ஆல் பெருக்கி 32ஐக் கூட்டிப் பாருங்கள். அவவின்ட அதே நூற்றிரண்டுதான்.

இந்த பரன்ஹைட் யார்? டான்சிக் நகரத்து வியாபாரியின் மகன். தாய் தகப்பன் இறந்தபிறகு தொழில் பழக அம்ஸ்டர்டாமுக்கு அனுப்பப்பட்டு, அதை விட்டுவிட்டுக் கருவி செய்ய ஓடியவர். கோபமடைந்த பொறுப்பாளர்கள் 1707இல் அவரைக் கைது செய்து ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியோடு கப்பலேற்றப் பார்த்தார்கள். கொழும்பு அப்போது அந்தக் கம்பனியின் கையில்தான் இருந்தது. கொட்டாஞ்சேனைப் பக்கத்து மேட்டில் நிற்கும் வொல்ஃபெண்டால் தேவாலயம் அவர்கள் கட்டி 1757இல் திறந்தது. பிடிபட்டிருந்தால் ஆள் இங்கேயே வந்து இறங்கியிருக்கவும் கூடும்!

1724இல் அவர் தன் அளவையை வெளியிட்டபோது பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்தது 32, மனித உடம்பு 96. பிறகு தண்ணீர் கொதிப்பதை 212 என்று நிறுத்தி அளவையைத் திருத்தினார்கள். அதே உடம்பு 98 ஆனது. ஆகவே அந்தக் காலத்து 96ஐப் பார்த்து "அப்ப மனுசர் குளிர்ந்த உடம்புக்காரர்" என்று முடிவெடுக்கேலாது. சரி, 98.6இல் அந்த .6 எங்கிருந்து வந்தது? 1868இல் வுண்டர்லிஷ் என்ற ஜெர்மானிய வைத்தியர் சொன்ன 37 செல்சியஸை மாற்றும்போது ஒட்டிக்கொண்டது. உடம்பு அவ்வளவு துல்லியமாய் நடப்பதில்லை.

இலங்கையில் வெப்பமானியோடு திரிந்தவர்களில் ஒருவர் ஜோன் டேவி. ஹம்ப்ரி டேவியின் தம்பி, 1816 முதல் 1820 வரை இங்கே இராணுவ வைத்தியர். பல இனத்து ஆட்களின் உடற்சூட்டை அளந்து, குளிர்நாட்டிலிருந்து வெப்பநாட்டுக்கு வந்தால் உடற்சூடு சற்றுக் கூடுகிறது என்று எழுதினார். அவர் ஆங்கிலேயர், அளவை பரன்ஹைட். குழப்பமில்லை.

குழப்பம் வருவது ஐரோப்பாவின் மற்றப் பக்கத்திலிருந்து. பிரெஞ்சுக்காரர் ரெயோமர் 1730இல் செய்த அளவையில் பனி 0, கொதிநிலை 80. ஜெர்மானியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க அதைப் பாவித்தார்கள். அந்தக் காலத்து ஜெர்மன் பயணநூல் ஒன்றில் கொழும்பு மதியம் 24 பாகை என்று இருந்தால், செல்சியஸ் என்று நினைத்து "எவ்வளவு குளிர்ச்சியான ஊராய் இருந்திருக்கு" என்று பெருமூச்சு விடுவோம். ரெயோமர் 24ஐ ஐந்தால் பெருக்கி நாலால் வகுத்தால் 30. இண்டைக்கு மாதிரித்தான். ரெயோமரின் பழைய மதுசாரக் கருவியும் பின்னால் வந்த பாதரசக் கருவியும் நடுவில் ஒத்துப்போகாதது தனிக் கதை. வாய்ப்பாடு மட்டும் போதாது, எந்தக் கருவி என்றும் கேட்கவேணும். செல்சியஸே 1742இல் கொதிநிலைக்கு 0, பனிக்கு 100 என்று தலைகீழாய்த்தான் தொடங்கினார்.

கொழும்பு 7இல் வானிலை அவதான நிலையம் 1907இல் தொடங்கியது. அந்தக் காலப் பதிவுகள் பரன்ஹைட்டில். 80 என்று எழுதியிருந்தால் அது 26.7 செல்சியஸ். 27 என்று முழுமையாக்கினால் 0.3 காணாமல் போகிறது. தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து உலகமே ஏறியது ஒரு பாகைக்குச் சற்று மேல்தான் என்னும்போது, 0.3 சில்லறைக் காசில்லை.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று இணையத்தில் அடிக்கடி நடக்கும். "ஒரு செல்சியஸ் கூடியது" என்றால் கூடியது 1.8 பரன்ஹைட் மட்டும். அது வித்தியாசம், 32ஐக் கூட்டக்கூடாது. கூட்டினால் 33.8 வரும். அவ்வளவு கூடினால் எங்கட கடற்கரையில் சராசரியே 46 செல்சியஸ்.