வானொலி வாயடைத்த மூன்றரை ஆண்டுகள்

கருவியின் அருமை அது கையில் இருக்கும்போது புலப்படுவதில்லை. கை வெறுமையான பின்னரே புலப்படுகிறது. இந்நாளில் சிலர் கைப்பேசியைச் சில நாள் அணைத்து வைத்து வாழ்ந்து பார்ப்பதை ஒரு நோன்பாகவே கொள்கின்றனர். கோலாலம்பூரிலிருந்து செராஸ் வழியாகக் காஜாங் செல்லும் மின்தொடர்வண்டியில் ஒருமுறை ஏறியவர்க்கு அந்நோன்பு எத்துணை அரிது என்பது விளங்கிவிடும். அமர்ந்தவர், நின்றவர் அனைவர் கண்ணும் கையகலத் திரையிலேயே பதிந்திருக்கும். 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் காஜாங் வரை திறக்கப்பெற்ற அப்பாதையில் 'பத்து செபெலாஸ் செராஸ்' என்றொரு நிலையம் உண்டு. பதினோராம் மைல் என்பது அதன் பொருள். சாலையோரத்து மைற்கல்லைக் கொண்டே ஊரை அறிந்த காலத்தின் எச்சம் அப்பெயர்.

அம்மைற்கற்கள் நின்ற காலத்தில், இந்நாட்டு மக்கள் நோன்பாக அன்றிக் கட்டளையாகவே தம் கருவிகளை இழந்து வாழ நேர்ந்தது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சிக்காலமே அது. முதியோர் வாய்மொழியில் 'ஜப்பான்காரன் காலம்' என வழங்குவதும் அதுவே. அக்காலத்தைப் பற்றிப் பேசுவோர் மரவள்ளிக்கிழங்கையும் வாழைமரம் பொறித்த காசுத்தாளையும் மறவாமல் குறிப்பிடுவர். வானொலியும் கடிதமும் மிதிவண்டியும் இல்லாமற் போனதால் விளைந்தவை யாவை என்பது அத்துணை ஆராயப்படவில்லை.

கருவிகள் வந்த வரலாறு

மலாயாவுக்கு வானொலி வந்தது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். ஜொகூர் அரசின் மின்பொறியாளர் ஏ. எல். பர்ச் என்பார் 1921இல் முதற்கருவியைக் கொணர்ந்தார் என்பர். 1930இல் கோலாலம்பூர் ஆர்வலர் சங்கத்தினர் பெட்டாலிங் குன்றிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கினர். கடலுக்கு அப்பால், சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் 16இல் திறக்கப்பெற்றது. இலண்டன் பிபிசி 1941இல் தமிழில் ஒலிபரப்பத் தொடங்கிற்று. இவ்வாறு, போர் இந்நாட்டின் வாயிலை எட்டிய வேளையில், கடல் கடந்த தமிழோசை வீட்டிற்குள் வந்து சேரும் வாய்ப்பு அப்போதுதான் அரும்பியிருந்தது.

ஆயினும் அவ்வாய்ப்பு எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை. வானொலிப் பெட்டி விலை மிக்கது. மின்சாரமோ மின்கலமோ வேண்டுவது. மருத்துவர், வணிகர், அரசு அலுவலர், தோட்டத்துக் கிராணிமார் ஆகியோரிற் சிலரே அதனை வைத்திருந்தனர். அந்நாளில் கோலாலம்பூரின் தென்கிழக்கே ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் பரவிக் கிடந்தன. அங்கு உழைத்தவர்க்குச் செய்தி என்பது பிறர் சொல்லக் கேட்பதே. கிராணி வீட்டில் கேட்டது கடைத்தெருவுக்கு வரும்; கடைத்தெருவில் பேசியது லயத்து வாசலை எட்டும். ஒரு கருவிக்குப் பின்னே நூறு செவிகள் இருந்தன. எனவே ஒரு பெட்டி அடைக்கப்பட்டபோது அடைபட்டது ஒரு வீட்டின் செவி மட்டுமன்று.

பூட்டப்பட்ட அலைகள்

1942ஆம் ஆண்டு ஜனவரி 11இல் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்து, 'ஷோனான்' எனப் புதுப்பெயர் பூண்டது. புது ஆட்சியினர் வானொலிப் பெட்டிகளைப் பதிவு செய்யுமாறு பணித்தனர். சிற்றலையைக் கேட்பது கடுங்குற்றம் ஆயிற்று. பெட்டிகளின் சிற்றலைப் பகுதி செயலிழக்கச் செய்யப்பட்டது.

இதன் நுட்பத்தை உணர்தல் வேண்டும். மத்திய அலை அருகிலுள்ள நிலையத்தின் ஒலியையே நன்கு தரும். சிற்றலையோ வானின் உயரத்தேயுள்ள மின்னூட்டம் பெற்ற அடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான மைல்களைக் கடக்கும். இலண்டனும் தில்லியும் இவ்வழியாகவே மலாயாவிற் கேட்டன. ஆகவே சிற்றலையை மட்டும் நீக்கிவிட்டால் பெட்டி பழுதுறாது, பாடும், பேசும். ஆனால் ஆட்சியாளர் பேச விரும்பியதை மட்டுமே பேசும். பெட்டியைப் பறிப்பதினும் இது கொடிது. பெட்டியில்லாதவன் தான் ஒன்றும் அறியான் என்பதையேனும் அறிவான். ஒரே குரலைக் கேட்டுக்கொண்டிருப்பவனோ எல்லாம் அறிந்ததாக எண்ணுவான்.

பிற கருவிகளின் நிலையும் இத்தகையதே. ஜப்பானியப் படை மிதிவண்டி மீதேறியே தீபகற்பத்தின் தெற்கு நோக்கி விரைந்தது. மக்களின் வண்டிகளையும் எடுத்துக்கொண்டது. உந்துகளுக்கு எண்ணெய் அரிதாயிற்று. மண்ணெண்ணெய் விளக்கின் இடத்தைத் தேங்காயெண்ணெய் விளக்குப் பிடித்தது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் கடிதமும், இங்கிருந்து செல்லும் பணமும் அடியோடு நின்றன. ஊரில் தாய் இறந்தாளா, தங்கைக்கு மணமாயிற்றா என அறியும் வழி மூன்றரை ஆண்டு அடைபட்டுக் கிடந்தது.

மாற்றப்பட்ட மணி

கைக்கடிகாரத்தைப் பறிக்காமலே அதன் பொருளைப் பறித்ததும் அக்கால ஆட்சியின் ஒரு செயல். மலாயாவின் நேரம் தோக்கியோ நேரத்தோடு இணைக்கப்பட்டு, கடிகார முள் ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டது. 1942ஆம் ஆண்டும் ஜப்பானிய வழக்குப்படி 2602 ஆயிற்று. கதிரவன் எழும்போது கடிகாரம் எட்டு மணி அளவைக் காட்டிற்று. மறையும்போது இரவு எட்டைக் கடந்தது.

அலுவலகத்தார் இதற்கு இணங்கியே தீரவேண்டியிருந்தது. ஆனால் இயற்கை இணங்கவில்லை. ரப்பர் மரத்தில் பால் நன்கு ஒழுகுவது வெயில் ஏறுமுன். தோக்கியோவின் கட்டளைக்கு மரம் செவிசாய்ப்பதில்லை. கோழி கூவுதலும், கிழக்கு வெளுத்தலும், நிழலின் நீளமும் உழைப்பாளிக்குப் பழைய கடிகாரங்கள். கடிகாரம் பொய்த்த காலத்தில் அவை பொய்க்கவில்லை. பெரும்பொழுதும் சிறுபொழுதும் வகுத்த தமிழ் மரபில் வந்தவர்க்கு இஃது ஓர் இழந்த கலையின் மீட்சி எனலாம். எனினும் வறுமையோடு வந்த மீட்சியைப் பொற்காலம் எனப் போற்றுதல் பொருந்தாது.

செவியே கருவியாக

செய்திக் கருவி அடைபட்டதும் மக்கள் செய்தியின்றி இருந்துவிடவில்லை. வதந்தி பெருகிற்று. அஞ்சியவன் கேட்டது அச்சமாகவும், நம்பியவன் கேட்டது வெற்றியாகவும் வாய்க்கு வாய் வளர்ந்தன. இத்தகைய நிலைக்கு வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் ஓர் அளவுகோல் தருகிறார். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் தனித்தனியே கொணரும் செய்தி ஒத்திருப்பின் அதனைத் தெளியலாம் என்பது அம்முறை. அரசனுக்குச் சொன்ன அவ்வறிவுரை, போர்க்காலத்தில் அங்காடியில் நின்ற எளியவனுக்கும் வேண்டியதாயிற்று. சொல்பவன் யார், அவன் யாரிடம் கேட்டான், சொல்வதால் அவன் பெறுவது என்ன என்று ஆராய்வதே பிழைக்கும் வழியாக இருந்தது.

இவ்வாராய்ச்சிக்கு ஆதாரமாக நின்றவை, உயிரைப் பணயம் வைத்து மறைத்த சில பெட்டிகள். பேராக்கில் பாப்பான் என்னும் சிற்றூரில் வாழ்ந்த சிபில் கார்த்திகேசுவின் வரலாறு இதற்குச் சான்று. 1899இல் பிறந்த யூரேசியப் பெண்மணியான இவர், தமிழரான மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசுவின் துணைவியார். கணவரும் மனைவியும் காடுறை எதிர்ப்புப் படையினர்க்கு மறைவில் மருத்துவம் செய்தனர். வானொலியை ஒளித்து வைத்து வெளிநாட்டுச் செய்தி கேட்டனர். 1943இல் இருவரும் பிடிபட்டனர். ஜப்பானிய இராணுவக் காவலரான கெம்பெய்த்தாய் இழைத்த கொடுமைகளால் சிபில் உடல் நலிந்தார். ஆயினும் பிறரைக் காட்டிக்கொடுத்தாரில்லை. போர் முடிந்தபின் பிரித்தானிய அரசு ஜார்ஜ் பதக்கம் அளித்தது. துன்புற்ற காயங்களின் விளைவாக 1948ஆம் ஆண்டு ஜூன் 12இல் அவர் மறைந்தார். அவர்தம் நினைவுநூல் 1954இல் வெளிவந்தது.

சிங்கப்பூரிலும் 1943ஆம் ஆண்டு அக்டோபர் 10இல் கெம்பெய்த்தாய் ஒரு பெருஞ்சோதனை தொடங்கிற்று. துறைமுகக் கப்பல்கள் தகர்க்கப்பட்டமைக்குச் சாங்கிச் சிறையினரே உளவு கூறினர் என அவர்கள் தவறாக ஐயுற்றனர். தேடியபோது மறைத்த வானொலிகள் அகப்பட்டன. பிடிபட்ட 57 பேருள் 15 பேர் மாண்டனர். ஒரு செய்தியைக் கேட்டல் உயிருக்கு விலையான காலம் அது.

சயாமுக்குச் சென்றவர்கள்

செய்தி அறியாமையின் முழு விலையைக் கொடுத்தவர்கள் வானொலி வைத்திருந்தோர் அல்லர். அதனைக் கண்டும் அறியாத தோட்டத் தொழிலாளரே. ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்கள் வேலையற்றுக் கிடந்தபோது, சயாமில் சில திங்கள் வேலை, நல்ல கூலி என்னும் சொல் வந்தது. அச்சொல்லை ஒத்துப் பார்க்க மற்றொரு சொல் இல்லை. முன்னே சென்றவர் எழுதிய கடிதம் இல்லை. மறுத்துரைக்கும் செய்தித்தாள் இல்லை. இசைந்து சென்றோர் சிலர். பிடித்துச் செல்லப்பட்டோர் பலர். இலவசத் திரைப்படம் காட்டுவதாக அழைத்துக் கதவடைத்துக் கொண்டு சென்ற நிகழ்ச்சிகளும் பதிவாகியுள்ளன. மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும் பகுதியினர் தமிழர். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் பல்லாயிரவரை மாய்த்தன. 415 கிலோமீட்டர் நீளமான அப்பாதை 1943ஆம் ஆண்டு அக்டோபர் 17இல் இணைந்தது.

அப்பாதையிலேயே பணிபுரிந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் சிலர் ஒளித்து வைத்த வானொலியால் உலகச் செய்தி அறிந்தனர். காஞ்சனபுரியில் அத்தகைய பெட்டி ஒன்று அகப்பட்டபோது, அடியுண்டு இரு அதிகாரிகள் இறந்தனர். இறந்த கைதிகள் பலர்க்குக் கல்லறையும் பெயர்ப்பலகையும் பின்னர் அமைந்தன. தமிழ்த் தொழிலாளர்க்கோ அதிகாரிகளும் இல்லை. முறையான பெயர்ப்பட்டியலும் இல்லை. ஊருக்குச் செய்தி சொல்வாரும் இல்லை. தோட்டத்தில் இருந்த மனைவி, கணவன் உயிருடன் உளனா என்பதே அறியாது ஆண்டுகளைக் கழித்தாள். சுவரில் கோடிட்டு நாளெண்ணும் தலைவியைச் சங்கப் பாடல் காட்டும். அவ்வாறு ஒற்றியெண்ணித் தேய்ந்த விரலைக் குறள் காட்டும். அத்தலைவிக்குப் பருவம் என ஓர் எல்லை இருந்தது. தோட்டத்துப் பெண்ணின் காத்திருப்புக்கு எல்லை இல்லை. சயாம் சென்றவருள் பலர் இறந்த நாள் இன்றும் குடும்பத்தார்க்குத் தெரியாது.

திரும்பி வந்த ஒலி

1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15இல் ஜப்பானியப் பேரரசர் வானொலியிற் பேசினார்; போர் முடிந்தது. மறைத்த பெட்டியுடையோர் அதனை உடனே அறிந்தனர். மற்றையோர்க்கு முறையான அறிவிப்பு வரச் சில நாள் ஆயின. இடைப்பட்ட அந்நாள்களில் ஒரே தெருவில் ஒரு வீடு விடுதலை பெற்றும் மறுவீடு அடிமைப்பட்டும் இருந்தன எனலாம். செப்டம்பர் 9இல் பிரித்தானியப் படை சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் இறங்கிற்று. 13இல் கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் சரணடைவுச் சடங்கு நடந்தது. கடிகார முள்ளும் பழைய இடத்திற்கு மீண்டது.

1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் மலாயா வானொலி தோன்றிற்று. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுவானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. செராஸ் பதினோராம் மைலிலும் அவ்வாறு ஒரு புதுக்கிராமம் எழுந்தது. செய்தியை அடைத்தால் மட்டுமே ஆளலாம் என ஓர் அரசு எண்ணிற்று. செய்தியைக் கொண்டுசேர்த்தே மனத்தை வெல்ல வேண்டும் என மற்றோர் அரசு கண்டுகொண்டது. இரண்டும் வானொலியின் ஆற்றலை அஞ்சியவையே.

இவ்வரலாறு இக்காலத்தார்க்கு உணர்த்துவது யாது? கருவியின்றி மனிதன் வாழ இயலும். பொழுதை வானத்தில் காண்பான், செய்தியை மனிதனிடம் கேட்பான். ஆனால் கருவி இல்லாமை ஒன்றே நன்மையும் அன்று, தீமையும் அன்று. கைப்பேசியைத் தானே அணைத்தவன் வேண்டியபோது மீட்டும் இயக்கலாம். அவனுக்குக் கிட்டுவது ஓய்வு. பிறன் அணைத்தபோது எளியவனுக்குக் கிட்டியது சயாம். வைத்தலும் விடுதலும் எவர் கையில் உள்ளன என்பதே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு. ஓயாது ஒரே குரலைக் காட்டும் கைப்பேசியும், சிற்றலை நீக்கிய அப்பழம் பெட்டியும் தன்மையால் ஒன்றே. இயங்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே மற்றொரு சொல்லை ஒத்துப் பார்க்க மறந்தவர்க்கு, அம்மூன்றரை ஆண்டுகளின் வரலாறு இன்னும் பழமை எய்தவில்லை.