வெங்காயத்திற்கு விதை உண்டா?

“வெங்காயத்துக்கு விதைகூட இருக்கா, சார்?”

செங்கல்பட்டில் என் வீட்டுத் தோட்டத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தபோது, பாடத்தில் ஐயம் கேட்க வந்த மாணவர் ஒருவர் இவ்வாறு வினவினார். அவர் வியந்ததில் தவறில்லை. அவருடைய ஊரில் தாத்தா காலம் முதல் சின்ன வெங்காயத்தை ஊன்றியே சின்ன வெங்காயம் எடுத்து வருகிறார்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் விதை. வெங்காயத்திற்கு வெங்காயமே விதை. இப்பழக்கம் ஏன் ஏற்பட்டது? அதை மாற்ற மனிதன் என்ன செய்தான்? அது சுவையான வரலாறு.

முதலில் இரண்டு செடிகளைப் பிரித்தறிய வேண்டும். நாம் குழம்பில் இடும் வெங்காயம் ‘ஆல்லியம் சீபா’. இதன் தாயகம் மத்திய ஆசியா. பெரிய வெங்காயமும் கொத்தாகப் பிரியும் சின்ன வெங்காயமும் இதே இனத்தவை. மற்றொன்று ‘ஆல்லியம் ஃபிஸ்டுலோசம்’. சீனத்தில் நெடுங்காலமாகப் பயிராகி, பின்னர் ஜப்பானுக்குச் சென்றது. இது குமிழாகத் திரளாது. பக்கத் தூர்களை விட்டுக் கற்றையாக வளரும். தாளுக்காகவே இதை வளர்க்கிறார்கள். ஆங்கிலேயர் இதை ‘வேல்சு வெங்காயம்’ என்பர். ஆனால் வேல்சு நாட்டிற்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘அயல்நாட்டு’ என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானியச் சொல்லே அப்படித் திரிந்தது.

இனி, விதையின் கதைக்கு வருவோம். வெங்காயம் பூப்பதற்குக் குளிர் தேவை. ஓரளவு வளர்ந்த செடியோ குமிழோ, ஏறத்தாழ 10 பாகை செல்சியசு அளவிலான குளிரில் சில வாரங்கள் இருந்தால்தான் பூந்தண்டு எழும். தாவர நூலார் இதைத் தட்பப்பதனம் என்பர். தமிழகச் சமவெளியில் மார்கழியிலும் அத்தகைய குளிர் கிடையாது. ஆகவே நம் சின்ன வெங்காய இரகங்களில் பெரும்பாலானவை விதை பிடிப்பது அரிது. குமிழை ஊன்றும் வழக்கம் உழவரின் அறியாமையால் வந்ததன்று. தட்பவெப்பம் விதித்த கட்டாயம் அது.

ஆனால் அந்தக் கட்டாயத்திற்கு விலை உண்டு. ஓர் எக்டேரில் ஊன்ற 1,000 முதல் 1,500 கிலோ வரை காய் வேண்டும். உண்ணக்கூடிய பண்டத்தை மண்ணில் இட வேண்டும். விலை ஏறிய ஆண்டில், பயிர் வைப்பதற்கு முன்பே உழவர் கடனாளி ஆவார். போதாக்குறைக்கு, காயில் புகுந்த வைரசு நோய்கள் காய் வழியாகவே அடுத்த பயிருக்கும் செல்லும்.

இதற்கு விடை காணும் முயற்சி கோவையில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சைதாப்பேட்டையில் ஒரு வேளாண்மைப் பள்ளி இருந்தது. அது 1906இல் கோவைக்கு மாறி, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்கே உருவாகி 2001இல் வெளியான ‘கோ 5’ என்னும் சின்ன வெங்காயம், நம் சூழலிலேயே தாராளமாகப் பூத்து விதை பிடிக்கக்கூடியது. விதையாக இட்டால் எக்டேருக்கு மூன்று கிலோ அளவே போதும். வண்டியில் ஏற்றிய சுமை ஒரு கைப்பையில் அடங்கிவிட்டது!

விதைக்கும் குமிழுக்கும் உள்ள உறவில் இன்னொரு நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. 1925இல் கலிபோர்னியாவின் டேவிசில் ஹென்றி ஜோன்சு என்னும் ஆய்வாளர், ஒரு வெங்காயச் செடி பயன்தரு மகரந்தமின்றி, தானாக விதை பிடிக்காமல் நிற்பதைக் கண்டார். அது ஆண்மலட்டுச் செடி. விதை இல்லையேல் அதன் வழி அறுந்திருக்கும். நல்ல வேளையாக, அதன் பூந்தண்டின் உச்சியிலேயே சிறு குமிழ்கள் தோன்றின. அவற்றை நட்டு அச்செடியைக் காப்பாற்றினார்கள். அதன் மரபியலை ஜோன்சும் கிளார்க்கும் 1943இல் விளக்கினர். வெங்காயத்தில் வீரிய ஒட்டு விதைகள் பெருகியதற்கு அந்த ஒற்றைச் செடியே வித்திட்டது.

இனி, விதை வாங்கும் வீட்டுத் தோட்டக்காரர் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, பகலின் நீளம். பகல் நீளம் செடியை ஆள்கிறது என்பதை 1920இல் கார்னர், அல்லார்டு என்ற அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்டனர். குமிழ் திரள்வதும் இவ்விதிக்கு உட்பட்டதே. இலண்டனில் கோடைப் பகல் 16 மணிக்கு மேல் நீளும். செங்கல்பட்டு ஏறத்தாழ 12.7 பாகை வட அகலாங்கில் உள்ளது. கணக்கிட்டால் நம் மிக நீண்ட பகல் 13 மணியை எட்டுவதில்லை. ஆகவே 14 மணிப் பகலைக் கேட்கும் குளிர்நாட்டு இரகத்தை இங்கே விதைத்தால் தாள் மட்டுமே கிடைக்கும், குமிழ் கிடைக்காது. தாள்வெங்காயத்திற்கோ இக்கவலையே இல்லை.

இரண்டாவது, விதையின் வயது. சென்ற ஆண்டு நான் விதைத்த பாத்தியில் ஒரு முளைகூட எழவில்லை. மண்ணைக் குறை சொன்னேன்; எறும்பைக் குறை சொன்னேன். குற்றம் என்னுடையதே. மீந்த விதையை மழைக்காலம் முழுவதும் சமையலறை அலமாரியில் திறந்த பொட்டலத்தில் வைத்திருந்தேன். வெங்காய விதை விரைவில் உயிரிழப்பது. ஹாரிங்டன் வகுத்த நடைமுறை விதி ஒன்று உண்டு: விதையின் ஈரம் 1 விழுக்காடு குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பநிலை 5 பாகை குறைந்தாலும் இரட்டிக்கும். ஈரம் 12இலிருந்து 8க்கும், வெப்பம் 30இலிருந்து 10க்கும் இறங்கினால், 16ஐ 16ஆல் பெருக்கி 256 மடங்கு! இது தோராயக் கணக்கே எனினும் பாடம் தெளிவு. கடற்காற்றின் ஈரம் உலவும் நம் பகுதியில், நன்கு உலர்ந்த விதையைக் காற்றுப்புகாத புட்டியில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், மணலோடு மட்கிய எரு கலந்த பாத்தியில், ஒரு செண்டிமீட்டர் ஆழத்தில் புது விதையை இடுங்கள். பூவாளியால் மெல்ல நீர் தெளியுங்கள். ஏழு முதல் பத்து நாளில் முளை, கொக்கிபோல் வளைந்தபடி மண்ணைத் துளைத்து வரும். வளைந்த முதுகு மண்ணைத் தள்ள, மென்மையான நுனி காயமின்றித் தப்புகிறது.

இம்முறை என் பாத்தியில் கொக்கிகள் வரிசையாக எழுந்துள்ளன. கேள்வி கேட்ட மாணவர் வந்து பார்த்தார்; தம் தந்தையிடம் காட்டுவதற்காகக் கொஞ்சம் விதையைக் காகிதத்தில் மடித்து வாங்கிச் சென்றார். புட்டியில் போட்டு வைக்கும்படி சொல்லி அனுப்பினேன்.