தொண்டையில் நிற்கும் ரொட்டி

ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்தே சாப்பிடும் ஒரு அம்மாயியை எங்களில் பலருக்குத் தெரியும். கேட்டால், "தொண்டையில நிக்குதுடா" என்பார். வயசானவங்களுக்கு அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிடுவோம். ஆனால் அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் நூறு வருசத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1919இல் கார்டிஃபிலிருந்த பற்றர்சன், கிளாஸ்கோவிலிருந்த பிரவுன் கெலி என்ற இரண்டு தொண்டை வைத்தியர்கள் பெண்களுக்கு வரும் விழுங்கும் சிரமத்தைத் தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். இரத்தசோகையோடு வருசக்கணக்கில் வாழ்ந்த பெண்களுக்கு விழுங்குவது சிரமமாகிறது. அவர்களில் சிலருக்கு, குரல்வளைக்குப் பின்னால், உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில், புற்றுநோய் வருகிறது. அபூர்வமான புற்றுநோய்தான். தொண்டைப் புற்றுநோய்கள் பெரும்பாலும் ஆண்களுக்கே வர, இது பெண்களுக்கு வந்தது. 1936இல் ஸ்டொக்ஹோமில் ஆல்பொம் என்பவரும் தன்னிடம் வந்த நோயாளிகளிடம் இதே தொடர்பைக் கண்டார்.

சிகிச்சை லேசானதல்ல. வாயைத் திறந்து பார்த்தால் தெரியாத இடம் என்பதால், நோய் முற்றிய பிறகே பலர் வருகிறார்கள். சத்திரசிகிச்சை என்றால் பெரும்பாலும் குரல்வளையையும் எடுக்க வேண்டும். பேச்சும் அதோடு போய்விடும். 1960இல் ஹொங்கொங்கில் ஒங், லீ என்ற இருவர், இரைப்பையை மேலே இழுத்துத் தொண்டையோடு பொருத்தும் முறையை எழுதி வெளியிட்டார்கள். கதிர்ச்சிகிச்சையும் வளர்ந்தது. அப்படியிருந்தும் ஐந்து வருசம் தாண்டுபவர்கள் குறைவு. தலை, கழுத்துப் புற்றுநோய்களில் மிக மோசமான முடிவுகள் உள்ளவற்றில் இதுவும் ஒன்று.

ஆனால் சுவீடனில் இந்த நோய் மெல்ல அருகிப்போனது. அதைச் செய்தது கத்தியல்ல. சாப்பாடு மேம்பட்டது, 1940களிலிருந்து கோதுமை மாவில் இரும்புச்சத்தைச் சேர்த்தார்கள், இரத்தசோகை குறைந்தது.

இனி எங்கட பக்கம் வருவோம். சுவீடன் மாவில் இரும்பைச் சேர்ப்பதற்குப் பல வருசம் முன்பே, கண்டிக்கு வடக்கே மாத்தளையில் இரத்தசோகைக்கு எதிரான ஒரு பெரிய வேலை தொடங்கியிருந்தது. 1916இல் ரொக்ஃபெல்லர் அறக்கட்டளை தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பை ஆரம்பித்தது. வெறுங்காலில் மண்ணை மிதிப்பவரின் தோல் வழியாக நுழையும் இந்தப் புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். பரிசோதித்த தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புழு இருந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு போனது. ஆனால் மலசலகூடம் கட்டக் காசு செலவழிக்கத் துரைமார் பலர் தயங்கினார்கள். மண் மாறாததால் புழு திரும்பவும் வந்தது. ஆளை வேலைக்கு நிமிர்த்தும் அளவுக்கு வைத்தியம் கிடைத்தது. அவர் வாழும் லயம் அப்படியே கிடந்தது.

இரத்தசோகை இன்றும் மலையகப் பெண்களை விட்டுப் போகவில்லை. கர்ப்ப காலத்தில் கிளினிக்கில் இரும்புக் குளிசை கொடுக்கிறார்கள். மற்ற நாட்களில் ரொட்டியும் சம்பலும், சாப்பாட்டோடயே சாயத்தண்ணியும். சாப்பாட்டிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கும். தாங்கள் பறிக்கிற கொழுந்தே தங்கள் இரத்தத்துக்கு எதிராக நிற்கிறது என்பது எங்களுக்கு உறைக்க இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

புற்றுநோய்க் கணக்குகளில் 'ஐந்து வருட உயிர்வாழ்வு' என்பதை நோயைக் கண்டுபிடித்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். அதற்கு முந்தின வருசங்கள் அந்தக் கணக்கில் இல்லை. வெறுங்கால், இரும்பில்லாத சாப்பாடு, அரைநாள் பேரைவிட மனமில்லாமல் கிளினிக்கைத் தள்ளிப்போட்டது, இவற்றுக்கு எந்த அட்டவணையிலும் நிரல் கிடையாது. வரலாறு படிக்கிற நாங்கள் எண்ண வேண்டியது அந்த வருசங்களைத்தான்.

விழுங்கச் சிரமப்படும் எல்லோருக்கும் புற்றுநோய் இல்லை. இரத்தசோகையால் வரும் சிரமம் ஆரம்பத்திலேயே பிடித்தால் இரும்புச்சத்து மருந்திலேயே பலருக்குக் குறையும். அதனால் அடுத்த முறை அம்மாயி "தொண்டையில நிக்குது" என்றால், ரொட்டியை ஊறவைத்துக் கொடுப்பதோடு நிற்க வேண்டாம். எத்தனை நாளா என்று கேட்போம். கண்டி ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு நாங்களே கூட்டிக்கொண்டு போவோம்.