அங்காடி வகுத்த முறை

ஊரை நகராக்குவது மதிலுமன்று, மாடமுமன்று, அங்காடியே. விளைப்போனும் நுகர்வோனும் கூடுதற்கு ஓரிடம் இல்லையாயின், பேரூரும் வெறும் மனைத்தொகுதியாகவே நிற்கும். ஆயினும், மக்கள் கூடுமிடத்து நெருக்கமும், நெருக்கத்தாற் குப்பையும் பூசலும் பெருகுதல் இயல்பு. ஆதலின் எக்கடை எவ்விடத்து இருத்தல் வேண்டும் என வகுத்தல் ஆள்வோர் கடமைகளுள் ஒன்றாயிற்று. அவ்வகுப்பு நம் நாட்டில் எவ்வாறு நிகழ்ந்து வந்தது என்பதனையும், அதனால் நாம் கொள்ளத்தக்கது யாது என்பதனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, காவிரிப்பூம்பட்டினத்தை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இருகூறாகக் காட்டுகின்றது. முன்னது கடலைச் சார்ந்து, தொழிலாளரும் வாணிகரும் நிறைந்தது. பின்னது அரசரும் அந்தணரும் பெருங்குடி வாணிகரும் உறைந்தது. இவ்விரண்டற்கும் இடைப்பட்ட நிலத்தில், மரங்களே கடைகட்குக் கால்களாக நின்ற சோலையில், நாளங்காடி நடைபெற்றது. இரு பாக்கத்தாரும் எளிதின் அணுகத்தக்க பொதுவிடம் அது என்பது நோக்கத்தக்கது.

இன்னுமொன்று காண்க. மருவூர்ப்பாக்கத்தாரை எண்ணுமிடத்து, அடிகள் பொன்னும் மணியும் பட்டும் விற்றாரை மட்டும் கூறி அமைந்தாரல்லர். பிட்டு விற்கும் காழியரையும், அப்பம் விற்கும் கூவியரையும், மீன் விற்கும் பரதவரையும், உப்பு விற்பாரையும் அவர்களோடு ஒருங்கு வைத்து எண்ணினார். ஆக்கிய உணவை விற்று வாழும் எளியோரும் நகரின் உறுப்பினராகவே கருதப்பட்டனர்.

இனி மதுரையை நோக்குவாம். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பகற்கண் நிகழும் நாளங்காடியையும் மாலையில் நிகழும் அல்லங்காடியையும் வேறுவேறாக விரித்துரைக்கின்றது. இடத்தை வகுத்தலேயன்றிக் காலத்தை வகுத்தலும் அங்காடி முறைகளுள் ஒன்றென்பது இதனாற் பெறப்படும். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையோ மணிக்கும் பொன்னுக்கும் ஆடைக்கும் கூலத்திற்கும் தனித்தனி வீதிகள் இருந்தமை காட்டுகின்றது.

இவை செய்யுட் காட்சிகளேயன்றி அரசாணைகள் அல்ல. ஆதலின் இவற்றைக்கொண்டு அக்காலச் சட்டம் இன்னதெனத் துணிதல் கூடாது. சட்டம் கூறும் வழக்கினைக் காண விழைவார் வடமொழி அருத்தசாத்திரத்தை நோக்குக. நகரமைப்புக் கூறும் பகுதியில் அந்நூல், ஆக்கிய சோறும் கள்ளும் ஊனும் விற்பார்க்குத் தென்றிசையில் இடம் வகுக்கின்றது. அதுவும் விலக்கிற்றன்று, இடங்காட்டிற்று.

சோழர் காலத்து வந்தால், கல்லெழுத்துக்களே சான்றாகின்றன. முதலாம் இராசராசனது (985–1014) தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்களில் பெருந்தெருக்களும் பேரங்காடியும் பெயர் குறிக்கப்பெறுகின்றன. கோயிற் காசினை அவ்வணிகர் கைக்கொண்டு, வட்டிக்கு ஈடாகப் பொருள் அளித்து வந்தனர். 'நகரம்' என்னுஞ் சொல்லே அக்காலச் சாசனங்களில் வாணிகர் சபையைக் குறிப்பதாகும். அங்காடிப் பாட்டம் என்னும் வரியும் வழங்கிற்று. வாணிகத்தை நடத்துவோரே அதன் ஒழுங்கினையும் மேற்பார்த்தனர் என்பது ஈண்டு உணரற்பாலது.

சென்னை நகரத்து வரலாறு வேறு வகையது. பிராட்வேயில் இருந்த சந்தை நெருக்கமுற்றமையால், அதற்கு மாற்றாக 1898-ல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1900-ல் மூர் மார்க்கெட்டு திறக்கப்பெற்றது. அக்காலத்து நகரசபைத் தலைவர் பெயரே அதற்கு இடப்பட்டது. பழைய நூல் முதல் பறவை ஈறாக எல்லாம் விற்ற அக்கட்டடம் 1985-ல் தீக்கிரையாயிற்று. நிலம் இருப்புப்பாதையாருக்குப் பயன்பட்டது. கடைக்காரர் அல்லிக்குளத்துக் கட்டடத்திற்குப் பெயர்ந்தனர். கொத்தவால் சாவடிக் காய்கனிச் சந்தையும் 1996-ல் கோயம்பேட்டிற்கு மாற்றப்பெற்றது. லாரிகள் திரும்பவும் இடமில்லாத குறுந்தெருக்களினின்று மொத்த வியாபாரத்தை அகற்றியது தக்கதே. ஆயினும் பெருநகரின் காய்கனி வாணிகம் பெரும்பாலும் ஓரிடத்தே குவிந்தமையின் இடரும் 2020-ல் வெளிப்பட்டது. தொற்றுநோய் பரவி அச்சந்தை மூடப்படவே, வாணிகம் திருமழிசைக்குச் சில திங்கள் பெயர வேண்டியதாயிற்று.

மொத்த வாணிகத்திற்குப் பொருந்துவது சில்லறைக்குப் பொருந்தாது. கூடைக்காரி வாழ்வது வழிப்போக்கரால். அவளை மக்கள் நடவாத இடத்து இருத்துவது கடையைக் கொடுத்து வாணிகத்தைப் பறிப்பதேயாம். இவ்வுண்மையைச் சட்டமும் காலந்தாழ்த்தேனும் ஏற்றது. 1989-ல் சோதன்சிங் வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம், தெருவில் விற்றல் அரசியலமைப்பு அளிக்கும் தொழிலுரிமையுள் அடங்கும் என்றும், அது தக்க கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது என்றும் தீர்ப்பளித்தது. 2014-ல் தெரு வியாபாரிகள் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி ஊர்தோறும் விற்பனைக் குழு அமைதல் வேண்டும். அதில் நூற்றுக்கு 40-க்குக் குறையாதார் தெரு வியாபாரிகளாகவும், அவருள் மூன்றிலொருவர் பெண்டிராகவும் இருத்தல் வேண்டும். கணக்கெடுப்பு முடியுமுன் ஒருவரையும் அகற்றுதல் கூடாது. பின்னரும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 50 ஆண்டுகட்கு மேல் நிலைத்த இயற்கைச் சந்தையை மரபுச் சந்தையெனக் கொண்டு பெயர்க்காது விடுதல் வேண்டும் என்பதும் அச்சட்டத்துட் காணப்படுகின்றது. மக்கள் தாமே கூடிய இடத்தை மதித்தல் என்னும் நாளங்காடிக் கொள்கையே இஃது.

நம் சங்கத்து அன்பர்காள்! நம்முள் நிலைத்த கடையுடையார் பலர். வாயிலை மறைத்து வண்டி நிற்கின்றது, வாடகையும் வரியும் இன்றி விற்கின்றார், என அவர் மொழியும் குறையில் நியாயம் இல்லாமலில்லை. நடைபாதை நடப்பாருக்கும் உரியதே. உண்பொருள் விற்பார் தூய்மை பேணுதலும் இன்றியமையாதது; 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு வியாபாரியும் பதிவு செய்துகொள்ளுமாறு விதிக்கின்றது. ஆயினும், குறைக்கு மருந்து இடம் வகுத்தலேயன்றித் துரத்துதல் அன்று. துரத்தப்பட்டவர் மறுநாள் வேறொரு வாயிலில் நிற்பர். பூசல் இடம் மாறுமேயன்றித் தீராது.

மேற்கூறிய குழுவில் வாணிகர் சங்கங்கட்கும் இடமுண்டு. நம்மவர் அதில் அமருங்கால், பெருங்கடைக்காரர் பொருட்டு மட்டும் பேசுதல் நம் பெருமைக்கு ஒவ்வாது. தலைச்சுமையாகத் தொடங்கிக் கடையேறிய குடும்பங்கள் நம்மிடையே எத்தனை என்பதை மூத்தோர் அறிவர். பண்டைக் கூவியரே இன்று தள்ளுவண்டியில் இட்டிலி அவிக்கும் தாயர். வண்டிக்கு ஓரிடம், வழிக்கு ஓர் அளவு, விற்பனைக்கு ஒரு பொழுது, குப்பைக்கு ஒரு கூடை: இந்நான்கினையும் வரையறுத்துக் கேட்பதே நம் கடன். காவிரிப்பூம்பட்டினத்துப் புலவர் எண்ணிய வரிசையில் மணி விற்றாரும் அப்பம் விற்றாரும் ஒருங்கு நின்றனர். அவ்வரிசை நம் காலத்திற் குலையாதிருப்பதாக.